கேரட் மூட்டையின் நாடித்துடிப்பு

கேரட் மூட்டையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. இரண்டு கண்களும் திறந்திருந்தன. கவனம் சாலையின் மேல் இருந்தது. மது அருந்தியிருக்கவில்லை.

விபத்து அறிக்கைத் தாளில் மூட்டை என்று எழுதியிருக்கவில்லை; 'ஓட்டுநர்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சம்பவம் நடந்த காலை பதினொன்று இருபதுக்கு அந்த பிக்கப்பின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தது கேரட் மூட்டை என்பது கோத்தகிரி மலைப்பாதையில் எல்லாருக்கும் தெரியும். சோதனைச் சாவடி நாய்க்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் பெட்டி. பெட்டிக்குத் தெரியாததால் தீர்ப்பாயத்துக்கும் தெரியாது.

பெட்டி என்றால் ஈசிஎம். வண்டியின் மூளை என்று விளம்பரத்தில் சொல்வார்கள். சாப்பாட்டு டப்பா அளவுக்கு அலுமினியத்தில் ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். நான்கு வருடத்துக்கு முன் பெட்டிச் சாட்சிச் சட்டம் வந்த பிறகு தீர்ப்பாயமும் கேட்க ஆரம்பித்தது. விபத்து வழக்குகளில் மனிதர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள், அழுகிறார்கள், சில சமயம் மயங்கி விழுகிறார்கள். பெட்டி இதில் எதையும் செய்வதில்லை. ஆகவே பெட்டி சொல்வது சாட்சி, மற்றதெல்லாம் சத்தம்.

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோட்டின் மேலேயே இருந்த சர்வீஸ் சென்டரில் வஞ்சிக்கொடி அந்தத் தாளை இரண்டாவது முறை படித்தாள். அங்கே டெக்னீஷியனாக அவளுக்கு இது ஆறாவது வருடம். காய்கறிக்கு நாடி பார்க்கிற வேலை இதுவரை வந்ததில்லை.

"படிச்சாச்சுங்களா அம்மணி?" என்றார் சென்னியப்பன். வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான், அந்த வண்டியோடு சேர்த்து இழுத்து வரப்பட்டவரும் அவர்தான். லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருந்ததால் டோ வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார்.

மூட்டை சீட்டுக்கு எப்படி வந்தது என்பது ஒரு தனிக்கதை. சீட்டில் ஆள் இல்லையென்றால் பெட்டி எஞ்சினை அணைத்துவிடும். நல்ல விஷயம்தான். மறுபடி கிளப்ப வேண்டுமானால் குழாயில் ஊத வேண்டும். காமிராவைப் பார்த்துக் கண்ணை விரிக்க வேண்டும். பிறகு சாலைப் பாதுகாப்புப் பாடல் ஒன்றை முழுதாகக் கேட்க வேண்டும். மூன்று சரணம். மொத்தம் பதினோரு நிமிடம். கோத்தகிரியிலிருந்து இறங்கும் காய்கறி வண்டி நான்கு இடங்களில் நின்று பாஸில் முத்திரை வாங்க வேண்டும். நாற்பத்து நாலு நிமிடம். ஏலத்துக்குத் தவறிய கேரட் மாட்டுக்குத்தான் போகும். ஆகவே ஓட்டுநர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இறங்கும்போது பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் மூட்டையை இழுத்து ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிடுவது. எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தங்களுக்கு பெல்ட் போட மறந்தவர்கள்கூட மூட்டைக்குப் போட மறந்ததில்லை.

அன்றைக்குச் சென்னியப்பன் செய்ததும் அதைத்தான். பாஸை நீட்டிக்கொண்டு சாவடி ஜன்னலில் நின்றபோது பின்னால் வண்டி உறுமியது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பத்தடி தாண்டி, ஓரமாக உட்கார்ந்து சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த மாதம்மாளின் வலது கால் மேல் ஏறி, தடுப்புக் கம்பத்தில் மோதி நின்றது.

மாதம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே வாக்குமூலம் கொடுத்தாள். "வண்டியில ஆளே இல்லீங்க. கேரட்டு மூட்டதான் என்னையப் பாத்துட்டே வந்துச்சு." தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 'சாட்சியின் கண் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல' என்று ஓரத்தில் குறித்து வைத்தது.

ஓட்டுநர் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தார் என்றது பெட்டி. அதற்கு மூன்று வருடம் ஜெயில். கடைசி விசாரணை இன்று மதியம் மூன்று மணிக்கு, வீடியோவில்.

இந்த நாளாகப் பார்த்துத்தான் கம்பெனிக்குத் தாராள மனசு வந்திருந்தது.

"ஓசியிலயே புதுப் பெட்டி மாத்தித் தர்றாங்களாமா," என்று சென்னியப்பன் கடிதத்தை நீட்டினார். "அஞ்சு மணிக்குள்ள மாத்தலைன்னா வண்டிய லாக் பண்ணீருவாங்களாமா. ஆனாலும் நல்ல மனசுதானுங்க."

"மூணு வருசம் உள்ள போற மனுசனுக்குப் புதுப் பெட்டி எதுக்காமா?" என்றாள் அவர் மனைவி பாப்பாத்தி. "வண்டிக்கு மாலை போட்டு வாசல்ல நிறுத்தி வெச்சுக் கும்புடறதுக்கா?"

வஞ்சிக்கொடி கடிதத்தின் அடியில், எறும்பு வரிசை போல இருந்த எழுத்துகளைப் படித்தாள். புதிய பெட்டி வண்டியோடு ஜோடி சேர்ந்த நாற்பதாவது விநாடியில், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, பழைய பெட்டியின் நினைவகம் தானாக அழிக்கப்படும்.

"அண்ணா, இதக் கழட்டிப் புதுசப் போட்டா, அன்னிக்கு நடந்த பதிவு பூராவும் போயிரும்."

"போனா நல்லதுதானுங்களே?"

"கோர்ட்டுக்கு வேணுங்கறத அவங்க எடுத்தாச்சு. அது பெட்டி எழுதின கட்டுரை. கம்பியில நெசமா என்ன சேதி வந்துச்சுங்கிறது இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு. அழியப் போறது அதுதான்."

சென்னியப்பன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்துப் பாப்பாத்தியிடம் கொடுத்துவிட்டார்.

வஞ்சிக்கொடி ஸ்கேனரை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள், எஞ்சினைக் கிளப்பவில்லை. திரையில் வரிசையாக எண்கள் வந்தன. ஓட்டுநர்: இருக்கிறார். எடை: அறுபத்தொன்று. நாடி: எழுபத்திரண்டு. சீட்டில் யாருமில்லை. பெல்ட்டில் நாடி பார்க்கும் பட்டையின் கம்பியைப் பிடுங்கினாள். நாடி எழுபத்திரண்டு. காமிராவின் மேல் வேஸ்ட் துணியைப் போட்டாள். கண்கள் திறந்துள்ளன. அவளுக்குக் கோபம் வந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து சீட்டையே கழற்றி வெளியே சிமெண்ட் தரையில் வைத்தாள். பாப்பாத்தி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஓட்டுநர் இருக்கிறார் என்றது பெட்டி. விழிப்புடன் இருக்கிறார்.

"பேயா அம்மணி?" என்றார் சென்னியப்பன் மெதுவாக.

"பேயா இருந்தா எலுமிச்சம்பழத்தோட போயிருக்கும்ண்ணா. இது அத விட மோசம்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல வராத பிள்ளைக்கும் வந்துச்சுன்னு வருகை போட்டு, சத்துணவுக் கணக்கச் சரிக்கட்டுவாங்கல்ல? அந்த மாதிரி. எல்லாப் பெட்டியிலயும் அந்த ஏற்பாடு உண்டு. ஒரு கம்பியிலிருந்து சேதி வரலைன்னா, வண்டி நடுரோட்டுல நின்னுரக் கூடாதுன்னு, பொதுவா என்ன இருக்குமோ அத அதுவே நிரப்பிக்கும். 'இங்க நான் நிரப்பியிருக்கேன்'னு பக்கத்துல ஒரு குறியும் போட்டு வெக்கோணும். இது குறி போடறதில்ல. அதுதான் பழுது."

"அப்ப மிதிச்சது?"

"மலைப் பனியில மிதிக்கட்டைக் கம்பி நனைஞ்சிருக்கு. சேதி வரல. இது யோசிச்சிருக்கு: ஓட்டுநர் இருக்காரு, முழிச்சிருக்காரு, சாவடியில நிக்கறாரு. சாவடியில நிக்கற ஓட்டுநர் பொதுவா எப்படி இருப்பாரு? அவசரத்துல இருப்பாரு. சரி, மிதிக்கறாரு."

பாப்பாத்தி சீட்டிலிருந்து எழுந்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான? இது யாரு இட்டுக்கட்டி எழுதறதுக்கு? இதுக்கு ஒரு பொம்பள காலு, ஒரு ஆம்பள மூணு வருசமா?"

சத்தம் கேட்டு சர்வீஸ் மேனேஜர் பிரசன்னகுமார் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் கம்பெனி கொடுத்த புன்னகை. சீட்டு தரையில் கிடப்பதைப் பார்த்துப் புன்னகை அரை அங்குலம் குறைந்தது.

"வஞ்சி, இது நாற்பது நிமிட வேலை. ஏன் இன்னும் ஆரம்பிக்கல?"

"சார், பழைய பெட்டி பழுது. பொய் எழுதியிருக்கு."

"பழுதுங்கிற வார்த்தைய நாம பயன்படுத்தறதில்ல. இது மேம்பாடு. இந்த மாசம் மட்டும் மாவட்டத்துல நானூறு மேம்பாடு பண்ணியிருக்கோம்."

"நானூறு பெட்டி இப்படியா சார்?"

"நானூறு வாடிக்கையாளர் திருப்தியா இருக்காங்க."

"என்ர வீட்டுக்காரரு திருப்தியா இல்லீங்க," என்றாள் பாப்பாத்தி. "அவரையும் கொஞ்சம் மேம்படுத்தி உடுங்க."

பிரசன்னகுமார் அவளைப் பார்க்காமல் வஞ்சிக்கொடியிடமே பேசினார். "சட்டம் உனக்குத் தெரியும். ஒரு பெட்டி பழுதான்னு அந்தப் பெட்டிதான் சொல்லணும். கேட்டுப் பார்த்தியா?"

கேட்டிருந்தாள். 'நலம்' என்று சொல்லியிருந்தது.

"அவ்வளவுதான். புதுசைப் போடு. நீ போடலைன்னா சாயங்காலத்துக்குள்ள வேற ஆள் போட்டுருவாரு. உனக்கும் வேற வேலை தேட நேரம் கிடைக்கும்."

அவர் போன பிறகு வஞ்சிக்கொடி புதிய பெட்டியின் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சட்டம் அவளுக்கு உண்மையிலேயே தெரியும். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி வைக்கும் ஆன்லைன் தேர்வில் அதே நாற்பது கேள்விகள்தான் வரும். மேனேஜர் உள்பட எல்லோரும் போன வருட விடைத்தாளைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அந்த விடைத்தாளைத் தயாரித்துக் கொடுப்பவள் அவள். ஆகவே அந்த சர்வீஸ் சென்டரில் சட்டத்தைப் படித்த ஒரே ஆளும் அவள்தான். ஒன்பதாம் விதியின் பாதியைத்தான் மேனேஜர் சொன்னார். மீதிப் பாதி: 'அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறொரு பெட்டி சொல்ல வேண்டும்.'

அவள் பழையதைக் கழற்றவில்லை. புதியதை ஜோடியும் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பியை மட்டும் போட்டு, புதியதைத் தரையில் கிடந்த சீட்டின் மேல் வைத்தாள். பழைய பெட்டியின் கம்பிப் பதிவுகளைப் புதியது படிக்கும். அன்று பதினொன்று இருபதுக்கு சீட்டில் இருந்தது ஆளா இல்லையா என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லும். வண்டிக்கு இரண்டு மூளை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வேலை.

மூன்று மணிக்கு பட்டறைச் சுவரிலிருந்த பெரிய திரையில் கோயம்புத்தூர் தீர்ப்பாயம் வந்தது. நடுவர் சுபலட்சுமி, மூக்கில் இறங்கிய கண்ணாடி, பின்னால் ஒரு ஜன்னல். திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் 1095 என்று இருந்தது. மூன்று வருடத்தின் நாள்கள். தீர்ப்பாயத்தின் கணக்கு அப்படி நேரடியாகத் திரையிலேயே தெரியும். வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர்.

வஞ்சிக்கொடி ஒன்பதாம் விதியைச் சொன்னாள். நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு விதியைத் தேடிப் படித்தார். "இருக்கிறது," என்றார், கொஞ்சம் ஆச்சரியத்துடன். "புதிய பெட்டி பேசட்டும்."

புதிய பெட்டி பேசியது. 'இருக்கையில் மனிதர் இல்லை. பெல்ட் ஓர் உயிரற்ற பொருளின் மேல் பூட்டப்பட்டிருந்தது. மிதிக்கட்டைத் தகவல் வரவில்லை, நிரப்பப்பட்டது.'

பாப்பாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். திரைக்கு அல்ல, சீட்டின் மேலிருந்த அலுமினிய டப்பாவுக்கு.

"பெல்ட்டை மூட்டைக்குப் பூட்டுவது தனிக் குற்றம், தெரியுமா?" என்றார் நடுவர். "ஆறு மாதம் லைசென்ஸ் ரத்து."

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார். "குடுங்கம்மா. மூட்டைய வெச்சது நாந்தானுங்க. எஞ்சின அணைச்சிருந்தா வண்டி நகர்ந்திருக்காது. அந்தக்கா காலு இருந்திருக்கும். அதுக்கு என்ன உண்டோ அதக் குடுங்க. ஆனா வேணும்னே மிதிச்சேன்னு மட்டும் எழுதாதீங்கம்மா. அந்தக்கா கையில பத்து வருசமா கதிரு வாங்கித் தின்னவனுங்க நான்."

நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை மறுபடி மேஜையிலிருந்த விதிப்புத்தகத்துக்குப் போயிற்று. அங்கேதான் வினை.

"ஒரு பெட்டி ஆள் இருந்தார் என்கிறது. ஒரு பெட்டி இல்லை என்கிறது. பெட்டிகள் மாறுபட்டால் பதினான்காம் விதி. சராசரி எடுக்க வேண்டும்."

மூலையில் 1095 மறைந்து 548 வந்தது. அரை நாள் மிச்சம் விழுந்ததை முழுநாளாக்கியிருந்தார்கள்.

"சராசரின்னா?" என்றாள் பாப்பாத்தி.

"சட்டப்படி வண்டியில் பாதி ஓட்டுநர் இருந்திருக்கிறார்."

"எந்தப் பாதிங்க? மேல் பாதியா, கீழ் பாதியா? மிதிச்சது கீழ் பாதின்னா மேல் பாதிய எங்கூட வீட்டுக்கு அனுப்பீருங்க. சோறு திங்கறதும் பேசறதும் அதுதான்."

நடுவர் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். "ஐந்து மணி வரை கூடுதல் பெட்டிச் சாட்சிகள் இருந்தால் கொண்டு வரலாம். ஐந்துக்குத் திரையில் என்ன எண் இருக்கிறதோ, அதுதான் தீர்ப்பு."

கூடுதல் பெட்டிகள் ஊர் பூராவும் ஓடிக்கொண்டிருந்தன. மண்டியில் அன்றைய ஏலம் முடிந்து காலி வண்டிகள் நின்றுகொண்டிருந்த நேரம். பாப்பாத்தி போனை எடுத்தாள். அவள் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம்; அதில் இரண்டு எழுதத்தக்கவை அல்ல. அரை மணி நேரத்தில் ஊட்டி ரோட்டில் பிக்கப்புகள் வரிசை கட்ட ஆரம்பித்தன. முட்டைக்கோஸ் வண்டி, பீன்ஸ் வண்டி, உருளைக்கிழங்கு வண்டி. எல்லா ஓட்டுநர்களுக்கும் மூட்டையோடு பழக்கம் இருந்தது; எல்லோருக்கும் 'அது நானாக இருந்திருக்கலாம்' என்று தோன்றியது.

வஞ்சிக்கொடி ஒவ்வொரு வண்டியிலிருந்தும் பெட்டியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினாள். மூன்றாவது பெட்டி: ஆள் இல்லை. 365. பட்டறையில் விசில் பறந்தது. நான்காவது: ஆள் இல்லை. 274. ஐந்தாவது: இல்லை. 219.

"மூணு வருசம் இப்ப வெறும் ஏழு மாசமாயிருச்சு!" என்றான் ஒருவன். "இன்னும் பத்துப் பெட்டி போட்டா அண்ணன் தீபாவளிக்கு வீட்டுல இருப்பாரு."

"ஆயிரம் பெட்டி போட்டாலும் ஒரு நாள் நிக்கும்டா," என்றாள் வஞ்சிக்கொடி. "சைபர் ஆகாது. செய்யாத தப்புக்கு அந்த ஒரு நாளும் எதுக்குன்னு கேளு."

ஆறாவதாக நஞ்சப்பன் தன் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்தார். பெரிய மீசை, சென்னியப்பனுக்குப் பங்காளி முறை, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "சண்ட வேற, சாட்சி வேற," என்று பொதுவாக அறிவித்துவிட்டு நீட்டினார். வஞ்சிக்கொடி மாட்டினாள்.

'ஓட்டுநர் இருந்தார். விழிப்புடன் இருந்தார்.'

மூலையில் 219 அழிந்து 365 வந்தது.

விசிலடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றார் நஞ்சப்பன். தன் பெட்டியிடமிருந்து ஓரடி விலகினார். "சத்தியமா அது நான் சொன்னதில்ல. அம்மணி, அது எதுக்கு அப்படிச் சொல்லுது? இன்னிக்கு ஏழு மணிக்கு அதே வண்டியிலதான் பேத்திய ஸ்கூல்ல உட்டுட்டு வந்தேன்."

வஞ்சிக்கொடி அடுத்த கம்பியை எடுத்தாள். ஏழாவதை மாட்டினாள்: ஆள் இல்லை. 313. எட்டாவது: ஆள் இல்லை. 274. மக்கள் மறுபடி மூச்சு விட்டார்கள். ஒன்பதாவது: ஓட்டுநர் இருந்தார். நலமாக இருந்தார். 365.

இப்போது யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற வரிசையில் அவரவர் வண்டியைப் பார்த்தார்கள். பத்தாவது ஆள் பெட்டியைக் கழற்றுவதற்காக எடுத்த ஸ்பேனரை மெதுவாகப் பைக்குள் போட்டான். பதினோராவது ஆளுக்குத் திடீரென்று ஒரு வேலை ஞாபகம் வந்தது. வரிசையின் வாலில் இரண்டு வண்டிகள் திரும்ப ஆரம்பித்தன.

பாப்பாத்தி வாசலுக்கு ஓடினாள். "ஏண்டா, தெரிஞ்சுக்காம ஓட்டுனா ஏறாதா? கண்ண மூடிக்கிட்டா நல்ல பெட்டி ஆயிருமா?" திரும்பிக்கொண்டிருந்த முதல் வண்டியின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள். "எடு பாக்கலாம். பெட்டி பொய் சொல்லாதுன்னா எடு. நான் இங்கதான் நிக்கறேன்."

அந்த ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவளையே பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்துப் பின்னால் இருந்தவனும் அணைத்தான். அப்படியே ஒவ்வொன்றாக, வரிசை முழுதும் எஞ்சின்கள் அடங்கின. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோடு பகலில் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை.

பிரசன்னகுமார் கண்ணாடி அறையிலிருந்து மறுபடி வந்திருந்தார். புன்னகையைக் காணோம்.

"மேனேஜர்," என்று திரையிலிருந்து நடுவர் கூப்பிட்டார். "மூன்றில் ஒரு பெட்டி இப்படிச் சொல்கிறதே. மொத்தம் எத்தனை வண்டியில் இருக்கிறது இது?"

"மேடம், அத வந்து தலைமை அலுவலகத்துல..."

"எத்தனை?"

"மூணு லட்சம் இருக்கும் மேடம். பிக்கப் மட்டும் இல்ல. டாக்ஸி, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், டவுன் பஸ், அரசு கார்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அரசு காரா?"

"போன வருஷ டெண்டர்ல மேடம். எல்லா நடுவர்களுக்கும் குடுத்தோமே, அந்த வெள்ளைக் கார்."

திரையில் நாற்காலி உருண்டு போய் அலமாரியில் முட்டியது. நடுவர் காட்சியில் இல்லை. மைக்கை அணைக்க மறந்திருந்தார். ஜன்னல் கொக்கியை யாரோ உலுக்குவது கேட்டது. பிறகு, விதிகளை வாசித்த அதே குரல், இரண்டு மாடிக்குக் கீழே கேட்கிற மாதிரி:

"தணிகாசலம்! ஏய் தணிகாசலம்! ஏசி ஓடினது போதும், வண்டிய ஆஃப் பண்ணு! வண்டிக்கு முன்னாடி யாரும் நிக்காதீங்க! தணிகாசலம்... நீ எதுக்கு டீக்கடையில நிக்கற? அப்போ சீட்ல யாரு?"

பட்டறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நடுவர் திரும்பி வந்து உட்கார நான்கு நிமிடம் ஆயிற்று. கண்ணாடி கையில் இருந்தது. யாரையும் பார்க்காமல் வேகமாக வாசித்தார். அடுத்த உத்தரவு வரும்வரை சென்னியப்பன் மீதான தண்டனை நிறுத்தி வைக்கப்படுகிறது. பழைய பெட்டியை அந்த வண்டியிலிருந்து எவரும் கழற்றக் கூடாது. எந்த வண்டியிலிருந்தும் கழற்றக் கூடாது. மேம்பாடுகள் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். மூலையில் இருந்த எண் அணைந்தது. திரையும் அணைந்தது. மன்னிப்பு என்று எந்த விதியிலும் இல்லாததால் அதை யாரும் வாசிக்கவில்லை.

பிரசன்னகுமார் வஞ்சிக்கொடியின் அருகில் வந்து, "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்," என்றார். சற்றுப் பொறுத்து, அவள் காதுக்கு மட்டும், "கிளம்பறதுக்கு முன்னாடி என் காரை ஒரு தடவை பார்த்துட்டுப் போ," என்றார்.

"வரிசையில வாங்க சார்," என்றாள் அவள். நஞ்சப்பனுக்குப் பின்னால் இடம் காட்டினாள்.

சென்னியப்பன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "மாதம்மாக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டு வந்தர்றேன்," என்றார். ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர். வழக்கமாக இருந்தால் பத்துப் பேர் ஏறுங்கண்ணா என்றிருப்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை; அவரும் கேட்கவில்லை. பாப்பாத்தி செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

இருவரும் ரோட்டில் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள், எல்லாவற்றிலும் எஞ்சின் அணைந்து, ஓட்டுநர்கள் கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். நடுரோடு காலியாகக் கிடந்தது. சென்னியப்பன் அதில் நடக்க ஆரம்பித்தார்.

"ஓரமா வாங்க," என்றாள் பாப்பாத்தி.

"எதுக்கு? எல்லா வண்டியும் நின்னுட்டுத்தான இருக்குது? ஒண்ணுலயும் ஆளே இல்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். ஓரமா வாங்க."